சனிக்கிழமை தஞ்சாவூரில் சுவடி பார்க்கப் போகிறோம்

நண்பர்களே, வணக்கம். வரும் சனிக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போகிறோம். அரண்மனை வளாகத்தில் உள்ள அதன் அருங்காட்சியகத்தில், சுவடிகளை ஓவியம் பார்ப்பது போல நின்று பார்க்கத்தான் இந்தப் பயணம். வடமொழி எழுதிய கிரந்த எழுத்து தெரியாதே, மராத்தி எழுதிய மோடி எழுத்து தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். படிக்கத் தெரியாதபோதுதான் கோட்டின் அழகு முதலில் கண்ணில் படுகிறது என்பது என் எண்ணம்.

எழுத்தாணி ஓலையைக் கீறித்தான் எழுதும், கருப்பு பிறகுதான். விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் அது தங்கும். அதனால்தான் வரி முழுக்க அவ்வளவு சீரான மெல்லிய கோடு. ஓலை துளைபட்டுவிடும் என்று மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். வரிகள் எவ்வளவு நெருக்கம், கயிற்றுத் துளை வந்ததும் எழுத்து எப்படி விலகிப் போகிறது, இவற்றைப் பொறுமையாகப் பாருங்கள். துளையைச் சுற்றி விட்ட அந்த வெற்றிடம் எனக்கு எழுத்தைவிடப் பிடிக்கும். அப்புறம் காகிதச் சுவடிகள். இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) ஆசையாகச் சேர்த்து வளர்த்த நூலகம் அல்லவா! அவற்றில் மைக்கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும், ஓலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பென்சிலும் நோட்டும் கொண்டு வாருங்கள், பிடித்த ஓர் எழுத்தையாவது வரைந்து பார்க்கலாம். வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை நீங்களே பிரித்துத் துடைக்காதீர்கள், உலர்ந்த ஓலை சட்டென்று ஒடியும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பெயர் போட்டுவிடுங்கள்.