பனிக்கு அஞ்சாத செம்பருத்தி

கேத்தி, நீலகிரி
பிப்ரவரி 18

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், பேரனுக்குக் கொடைக்கானலிலேயே பள்ளியில் இடம் கிடைத்ததும் அறிந்து எங்களுக்கு நிம்மதி. இங்கும் எல்லோரும் நலம். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல, இந்த ஆண்டும் செம்பருத்தி கருகிவிட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில் முழுவதும்.

பெரியகுளத்து வீட்டுக் கொல்லையில் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்ற செடியின் கிளையைத்தான் நீங்கள் மலைக்குக் கொண்டுபோனீர்கள். பெரியகுளத்துச் சமவெளியில் அது பன்னிரண்டு மாதமும் தளிர்த்தது. மலைக்கு வந்த பிறகும் அதையே செய்யப் பார்க்கிறது. குளிர் வருகிறது, சற்று அடங்கி இருப்போம் என்ற வழக்கம் அதற்குக் கிடையாது. டிசம்பர், சனவரியில் மேகமில்லாமல் வானம் தெளிந்து காற்றும் அசையாமல் நிற்கும் இரவுகளில், நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிட, அதை ஒட்டியிருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர் வழிவதுபோல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. திண்ணையில் மாட்டிய வெப்பமானி மூன்று பாகை காட்டும்போதே புல்தரை வெள்ளை பூப்பது இதனால்தான். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் ஏறத்தாழ 2,130 மீட்டர் என்ற கணக்கைவிட, வீடு மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பதே செடிக்கு முக்கியம். உங்கள் வீடோ ஓடைக்கரையில் இருக்கிறது. நவம்பரின் நீர்ப்பனியைத் தாங்கிய செடி, உறைபனி விழுந்த மறுநாள் வெயில் ஏறியதும் வெந்த கீரைபோல் துவண்டு கறுத்துப்போவதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்கு குளிர்காலம் நானும் ஒரு சமவெளிச் செம்பருத்தியை மூடிவைத்துக் காப்பாற்றினேன். 1848-இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே இன்றும் மலர்ச்செடிகளைப் பனியிலிருந்து காக்கக் கோத்தகிரி மிலார் என்ற செடியைத்தானே வைத்து மூடுகிறார்கள் என்று, நானும் மாலையில் மிலார் சாத்தி, காலையில் எடுத்து, குழந்தையைப்போல் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் கோவைக்குப் போய்வந்தேன். அத்தோடு அந்தச் செடியின் கதை முடிந்தது. அதன் பிறகுதான், பனியை எதிர்த்து நிற்கத் தெரியாத செடியோடு மல்லுக்கட்டுவதை விட்டு, பனிக்காலத்தில் உறங்கத் தெரிந்த செடியைத் தேடலாம் என்று தோன்றியது.

அப்படி ஒரு செம்பருத்தி இருக்கிறது. தாவர நூல்களில் அதன் பெயர் ஹைபிஸ்கஸ் சைரியாகஸ். 1753-இல் சுவீடன் தாவரவியலர் லின்னேயஸ் அதைச் சிரியா நாட்டுச் செடி என்று கருதிச் சூட்டிய பெயர் அது; உண்மையில் அதன் தாயகம் சீனா. ஆங்கிலத்தில் ரோஸ் ஆஃப் ஷாரன் என்பார்கள். நம் கிறிஸ்தவ நண்பர்கள் உன்னதப்பாட்டில் வாசிக்கும் 'சாரோனின் ரோஜா' நினைவுக்கு வரலாம். அந்தப் பெயரை இதற்குப் பிற்காலத்தில்தான் ஒட்டவைத்தார்கள். தென்கொரியாவின் தேசிய மலர் இதுவே. அவர்கள் மொழியில் முகுங்வா, அதாவது முடிவில்லாத பூ. ஒரு பூவின் ஆயுள் என்னவோ ஒரு நாள்தான். ஆனால் ஒன்று வாடும்போது அடுத்தது விரிந்துகொண்டே மாதக்கணக்கில் போகும். கடுங்குளிர் நாடுகளில் பூஜ்யத்துக்கு இருபது பாகை கீழே போனாலும் பிழைக்கும் செடிக்கு நம் மலைப் பனி ஒரு பொருட்டா? பொழுது குறுகி, குளிர் ஏறத் தொடங்கியதும் இலையை உதிர்த்துவிட்டு, உணவைத் தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்துக்கொண்டு, வெறும் குச்சியாக நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பனிச் செம்பருத்தி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். நான் முதலில் வாங்கிய 'சைரியாகஸ்' சமவெளிச் செம்பருத்தியேதான். விற்றவருக்கே வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. இலையைப் பாருங்கள்: நம் செம்பருத்தி இலை எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும்; இதன் இலை சிறியது, மங்கல் பச்சை, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து, ஓரம் முரட்டுப் பல்லாக இருக்கும். பூவில் இன்னும் தெளிவாகத் தெரியும். பள்ளியில் பிளேடால் பிளந்து பார்த்தோமே, அந்த மகரந்தக் குழல் சமவெளிச் செம்பருத்தியில் இதழைத் தாண்டி நீண்டு தொங்கும். இதிலோ அது குட்டையாக, கிண்ணத்துக்குள் வைத்த திரிபோல் உள்ளேயே அடங்கிவிடும். அதன் அடியில் இதழ்களில் கருஞ்சிவப்பாக ஒரு கறை இருக்கும். என்னிடம் உள்ள வெளிர் ஊதாப் பூவில் அந்தக் கறை நரம்பு நரம்பாக இதழின் பாதிவரை ஓடுகிறது.

உண்மையான செடி கிடைத்த பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மார்ச் கடைசி. பிளம்ஸ், பேரி எல்லாம் பூத்து இலைவிட்டாயிற்று. இது மட்டும் விளக்குமாற்றுக் குச்சியாகவே நிற்கிறது. பட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, மண்வெட்டியால் பெயர்த்து வேலியோரம் வீசினேன். மாலையில் விறகுக்காக ஒடிக்கப்போனபோது குச்சி ஒடியவில்லை, வளைந்தது. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளரிப் பிஞ்சின் பச்சை! இருட்டிய பிறகு டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு அதைத் திரும்ப நட்டேன். மற்ற செடிகளெல்லாம் விழித்த பிறகே கண் திறக்கும் சோம்பேறி இது. ஏப்ரல் கடைசிவரை அதைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இடம்தான் அடுத்த விஷயம். குளிரைத் தாங்குமே தவிர, பூப்பதற்கு இதற்கு நல்ல வெயில் வேண்டும். நான் முதலில் சைப்ரஸ் மரத்தடியில் வைத்து, மொட்டெல்லாம் திறக்காமலே உதிர்ந்த பிறகு, நாள் முழுவதும் வெயில் விழும் கருங்கல் சுவரோரம் மாற்றினேன். தண்ணீர் தேங்கக்கூடாது. நம் மலைமண்ணின் புளிப்பு இதற்குச் சற்று அதிகம். ஆகவே குழிக்கு இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூளும் நன்றாக மக்கிய சாணமும் கலந்தேன். அடுக்கு இதழ்ப் பூக்களின் அழகில் மயங்கி விடாதீர்கள். மழை நாளில் அவை நீரைக் குடித்துக்கொண்டு மொட்டிலேயே அழுகிப்போகின்றன. இங்கே தென்மேற்கு மழையிலும், உங்களுக்கு அக்டோபர், நவம்பர் மழையிலும் தாக்குப்பிடிப்பது ஐந்திதழ் ஒற்றைப் பூதான்.

புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் பூ வருகிறது. அதனால் இந்தப் பிப்ரவரியில், தூங்கும்போதே, போன ஆண்டுக் கிளைகளை இரண்டு மூன்று கணு மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். பூ எண்ணிக்கை குறைந்தாலும் உள்ளங்கை அகலத்துக்கு வரும். இன்னொன்று: பூ முடிந்ததும் காய்களைக் கிள்ளிவிடுங்கள். வெண்டைக்குப் பங்காளி அல்லவா, காய் ஐந்தாக வெடித்து விதையைச் சுற்றிலும் இறைத்துவிடும். அழகுக்கும் விறகுக்கும் என்று வந்த உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் இந்த மலைகளைப் படுத்திய பாடு போதும். நாமும் ஒன்றைச் சோலைப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டாம். காட்டெருமை வந்தால் மட்டும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். போன ஆகஸ்டில் ஒன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்து, மொட்டு நிறைந்த நுனிகளையெல்லாம் தின்று, சாவகாசமாகப் படியிறங்கிப் போயிற்று.

தலைக்கு அரைத்துப் பூச இது ஆகுமா என்று அண்ணி கேட்பார்கள். இலையைக் கசக்கினால் அதே வழுவழுப்பு வருகிறது. ஆனாலும் அந்தக் காரியத்துக்குப் பழைய செம்பருத்தியையே ஒரு தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் கண்ணாடி வராந்தாவுக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே பூஜைக்குப் பனிச் செம்பருத்தியின் வெள்ளைப் பூ நன்றாகவே பயன்படுகிறது.

இந்த வாரம் கவாத்து செய்த குச்சிகளில் பென்சில் பருமனாகப் பன்னிரண்டைத் தேர்ந்து, ஈரச் சாக்கில் சுற்றி, அடுத்த வாரம் பழனிக்கு வரும் என் மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலில் அனுப்பலாம்தான், முப்பது ஆண்டு பார்சல் மூட்டைகளை எப்படித் தூக்கிப்போட்டோம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாதி மணல், பாதி மண் நிரப்பிய தொட்டியில், இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். இலையில்லாத குச்சியில் தலை எது, கால் எது என்று குழப்பம் வரும். மண்ணுக்குள் போகவேண்டிய முனையைச் சாய்வாகவும், மேல் முனையை நேராகவும் வெட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மேசைத் தோழன்