பரு ஜெல்லை மூன்றாவது வாரத்தில் தூக்கிப் போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் முகப்பரு ஏன் வருகிறது என்பதை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். சிகிச்சைக்குக் கிடைத்ததோ ஒரே வரி: "மருத்துவர் எழுதித் தரும் ஜெல்லைப் பருவின் மேல் தடவி வந்தால் குணமாகும்." இந்த வரியை நம்பித் தடவுகிறவர்கள்தான் மூன்றாவது வாரம் மருந்துக்கடைக்குத் திரும்பி வந்து, "மொகமெல்லாம் எரியுதுங்க, தோல் உரியுதுங்க, வேற ஏதாச்சும் குடுங்க" என்கிறார்கள். பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது, தடவிய விதத்தில்தான் கோளாறு. அந்த 'வேற ஏதாச்சும்' என்ன ஆகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ட்யூபில் இருக்கும் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். பருவுக்கு அதிகம் எழுதப்படுபவை அடாபலின் 0.1 சதவீத ஜெல், டிரெடினாயின் 0.025 சதவீதம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், கிளின்டாமைசின் 1 சதவீதம். இவற்றில் இரண்டைக் கலந்த ட்யூப்களும் உண்டு. பிராண்டு பெயரின் வாலில் ஒரே ஒரு எழுத்து கூடியிருந்தால் உள்ளே இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அடாபலின் மட்டும் எழுதியிருக்க, கிளின்டாமைசின் கலந்ததை வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். கிளின்டாமைசின் ஆன்டிபயாடிக். அதைத் தனியாக மாதக்கணக்கில் தடவினால் கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, சுமார் மூன்று மாதத்துக்குள் நிறுத்துவதுதான் முறை. அமெரிக்காவில் 2016 முதல் அடாபலின் 0.1 சதவீதம் சீட்டில்லாமல் விற்கிறது. அதை யூட்யூபில் பார்த்துவிட்டு இங்கேயும் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். இங்கே அது மருத்துவர் முகத்தைப் பார்த்து எழுத வேண்டிய மருந்து.

அடுத்தது அளவு. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி போதும், சுமார் கால் கிராம். 15 கிராம் ட்யூப் என்றால் இரவுக்கு ஒரு தடவையாக 60 இரவு வர வேண்டும். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டதென்றால் நான்கு மடங்கு போட்டிருக்கிறீர்கள், எரியாமல் என்ன செய்யும்? கூடுதலாகப் போட்டால் எரிச்சல்தான் கூடும், பரு வேகமாகப் போகாது.

'பருவின் மேல்' என்ற சொல்தான் கட்டுரையின் பெரிய பிழை. கண்ணுக்குத் தெரியும் பரு பல வாரம் முன்பே தோலுக்கடியில் துளை அடைத்துத் தொடங்கியது. அடாபலினும் டிரெடினாயினும் அந்த அடைப்பே விழாமல் பார்த்துக்கொள்பவை. ஆகவே இன்று பரு இல்லாத கன்னத்துக்கும் தடவ வேண்டும். பட்டாணி ஜெல்லை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளியாக வைத்து, விரல் நுனியால் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு மூலை மூன்றையும் விட்டுவிடுங்கள். ஜெல் அங்கே ஒழுகித் தேங்கி முதலில் புண்ணாவது அந்த இடங்கள்தான். தடவுமுன் அங்கே துளி வாசலின் வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை.

ஈரமுகத்தில் தடவக் கூடாது. ஈரத்தோலில் மருந்து கூடுதலாக இறங்கும், எரிச்சலும் அதனாலேயே கூடும். கழுவித் துணியால் ஒற்றிவிட்டு இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். கழுவும் தண்ணீரையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்காமல் தோலில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுக்கே தோலை வறட்டும், அதன்மேல் இந்த ஜெல்லும் போனால் கேட்க வேண்டியதில்லை. சிறுவாணி வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் சோப்பு கலக்காத ஃபேஸ்வாஷ் வாங்கி, முகத்துக்கு மட்டும் ஆற்றுத்தண்ணீரோ குடிதண்ணீரோ ஒரு சொம்பு ஒதுக்கினால் போதும். கடலைமாவு, நலங்குமாவு போட்டுத் தேய்ப்பதை இந்த மாதங்களில் நிறுத்திவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், தாங்கினால் பிறகு தினமும். வறண்ட தோல்காரர்கள் வாரத்துக்கு இரண்டு இரவில் தொடங்கலாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை முதலில் தடவி, அது உள்ளே போனபின் ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போட்டால் பெரும்பாலோர் தாங்கிவிடுவார்கள். அதுவும் எரிந்தால், ஜெல்லை அரைமணி நேரம் வைத்திருந்து கழுவிவிடும் முறையை மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம்.

இப்போது அந்த மூன்றாவது வாரத்துக்கு வருவோம். முதல் சில வாரங்களில் இலேசான சிவப்பும் பொருக்கு உரிவதும் எதிர்பார்த்தவையே. உள்ளே கிடந்த அடைப்புகள் மேலே வருவதால் பரு கூடினது போலவும் தெரியும். இது தெரியாமல் போவதால்தான் ட்யூப் குப்பைக்குப் போகிறது. பலன் மெதுவாகத்தான் வரும், 12 வாரம் தடவிய பிறகே மருந்து கேட்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் என்றால் வைகாசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆடி பதினெட்டு முடிந்து வந்து கேட்டால் எந்த ஜெல்லும் உதவாது. கல்யாணப் பெண்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடாபலினோ டிரெடினாயினோ தடவும் முகத்தில் பார்லரில் வாக்ஸிங் செய்தால் மயிரோடு தோலும் உரிந்து வரும். ப்ளீச்சும் அப்படித்தான் எரியும். ஆண்களுக்குச் சலூனில் ஷேவிங் முடிந்ததும் படிகாரக் கல்லைத் தேய்க்கிறார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரவில் தடவு என்பதற்குக் காரணம் உண்டு. டிரெடினாயின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், பென்சாயில் பெராக்சைடோடு ஒன்றாகப் பூசினாலும் வீரியம் போய்விடும். ஆகவே டிரெடினாயின் இரவில், பென்சாயில் பெராக்சைடு காலையில். அடாபலினுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அதையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்க முடிகிறது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் நைட் ஷிப்ட் போகிறவர்கள் 'இரவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது தடவுகிறார்கள். வியர்வையும் மாஸ்க்கும் சேர்ந்து உரசிப் புண்ணாகும். காலையில் வீடு வந்து, குளித்து, திரையை இழுத்துவிட்டுப் படுக்கும்போது தடவினால் சரி. பகலில் வண்டியிலோ காட்டிலோ இருப்பவர்கள் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடாமல் இந்த மருந்துகளைத் தொடக் கூடாது. எரிச்சல் கண்ட இடம் நம் நிறத் தோலில் கருந்தழும்பாக நிற்கும், பருவைவிட அது போக நாளாகும்.

பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு பெராக்சைடு என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம். சென்னிமலைப் போர்வையிலும் கலர் டவலிலும் திட்டுத் திட்டாக வெளுத்த பிறகு, துவைத்தவர் மேல் பழி போடுகிறார்கள். வெள்ளைத் தலையணை உறை, வெள்ளைத் துண்டு, பழைய வெள்ளை பனியன், மூன்றும் போதும். 10 சதவீதம் கேட்டு வாங்குவதும் வீண். 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைக் குறைந்த எரிச்சலில் செய்கிறது. சூட்டிலும் இது கெடும். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் சுற்றினால் அந்த ட்யூபை மறந்துவிடலாம்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. இமை, உதடு, முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, தொண்டை இறுக்கம் என்றால் உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் இரண்டுக்கும் இந்த அரிய ஒவ்வாமை பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. முதல்முறை போடுகிறவர்கள் சின்ன இடம் ஒன்றிரண்டில் மட்டும் மூன்று நாள் தடவிப் பார்க்கச் சொன்னதும் அதே எச்சரிக்கைதான். கொப்புளம், நீர் வடிதல், சில நாளிலும் அடங்காத எரிச்சல் என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் அடாபலின், டிரெடினாயின் தடவக் கூடாது. அவர்களுக்கு மாற்று உண்டு, மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால் அசெலாயிக் அமிலம் போல ஒன்றை எழுதுவார். புதிதாகக் கல்யாணமான பெண் பழைய சீட்டைக் காட்டி மாமியார் வழியாக ட்யூப் வாங்கி அனுப்பச் சொல்வது நடக்கிறது. கேட்கத் தயங்காத கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டே கொடுப்பார்.

இனி அந்த 'வேற ஏதாச்சும்'. எரியுது என்று வருகிறவருக்குச் சில கடைகளில் கைமாறுவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று லேபிளில் இருக்கும். ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீமைத்தான் 'சிவப்பழகு' என்று பலர் பூசுகிறார்கள். இரண்டே நாளில் சிவப்பும் எரிச்சலும் அடங்கி முகம் பளிச்சென்று ஆகும், அதுதான் பொறி. மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, உள்ளிருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரிந்து, முடி முளைத்து, முன்பைவிட மோசமான பருவாக வெடிக்கும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும், அதனால் விடவும் முடியாது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்த பிறகும் விற்பனை நிற்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், இதில் எங்கள் தொழில்காரர்களுக்குப் பங்குண்டு.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியிருப்பவர்கள் தானாக நிறுத்திப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். கோவை, பெருந்துறை, திருப்பூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, செலவில்லை. போகும்போது பூசிய ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளை க்ரீமுங்க, மூடி ரோஸ் கலர்" என்றால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
பெருந்துறை