'முதன்முறை' என்று அச்சிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டுக்குப் புதிதான கழுகோ பருந்தோ தென்பட்டதாக வரும் செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஒரு படமும் 'முதன்முறையாக' என்ற தலைப்பும்தான் இருக்கின்றன. அந்த அடையாளம் எதைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது, யார் சரிபார்த்தார்கள் என்பதையும் இரண்டு வரிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரைகொல்லிப் பறவைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் பலவாறாக மாறுவதால், நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். சிறகு நுனியில் விரல்கள்போல் பிரிந்து நிற்கும் இறகுகள் ஆசியத் தேன்பருந்துக்கு ஆறு, ஐரோப்பியத் தேன்பருந்துக்கு ஐந்து. ஒருமுறை நான் எடுத்த படத்தில் ஐந்துதான் தெரிந்தன. நாட்டுக்கே புதிய பறவையைப் பார்த்துவிட்டேன் என்ற பரபரப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் எல்லாப் படங்களையும் பெரிதாக்கி எண்ணியபோது, சிறகை முழுதாக விரித்திருந்த நான்காவது படத்தில் ஆறாவது இறகு தெளிவாக நின்றது. ஆகவே, மங்கலானவை உட்பட எடுத்த படங்கள் அனைத்தையும் அழிக்காமல் வைத்திருப்பது அவசியம்.

மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பெருங்கரும்பருந்து ஒன்று 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் படமெடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன் மாநிலத்தில் அவ்வினப் பறவை காணப்பட்டபோது, சிறகின் அடிப்புறக் கோலங்களை ஒப்பிட்டு இரண்டும் ஒரே பறவைதான் என்று கண்டறிந்தார்கள். இல்லையென்றால் ஒரு பறவையை இரண்டாக எண்ணியிருப்போம்.

வேட்டைக்குப் பழக்கப்பட்டுத் தப்பி வந்த பறவையா என்பதையும் பார்க்க வேண்டும். காலில் தோல்வார், வளையம், கூண்டில் உரசித் தேய்ந்த வால் நுனி ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கலாம். அவை இல்லாததாலேயே அது காட்டுப்பறவை என்று உறுதியாகிவிடாது. பிரிட்டனின் பறவைப் பட்டியலில் இத்தகைய ஐயத்துக்குரியவற்றுக்குத் தனிப் பிரிவே உண்டு. அதே நாட்டில் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்திலிருந்து 1892 முதல் 1930 வரை குவிந்த அரிய பறவைப் பதிவுகளில் நூற்றுக்கணக்கானவை 1962இல் நம்பத்தகாதவை என்று நிராகரிக்கப்பட்டன. அதுவரை பல பதிற்றாண்டுகள் அவை ஏடுகளில் இருந்தன என்பதை நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அரிய பறவைகளை ஆராயும் குழு ஏற்கும்வரை 'முதல் பதிவாக இருக்கலாம்' என்றே எழுதுங்கள். பறவை இரவு தங்கும் மரம் எங்கே என்பதை மட்டும் அச்சிடாதீர்கள்; அது அங்கே இன்னும் சில நாள் இருந்தால்தான் மற்றவர்களும் பார்த்து உறுதிசெய்ய முடியும்.

இப்படிக்கு,
பறவை நோக்கர் ஒருவர்