அப்பாவின் பெயர்

பிரேயஸ், கிரேக்க நாடு,
நவம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்டீபன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். பீட்டருக்கு மகன் பிறந்த செய்தியைக் கப்பல் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அறையில் ஹீட்டர் இருக்கிறது. ஆனாலும் எனக்குக் கம்பளியே போதும். இப்போது இரவு வேலை இல்லாததால் நல்ல ஓய்வும் கிடைக்கிறது.

கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, படியில் யார் எதிர்ப்பட்டாலும் பெயரைக் கேட்டு, அதன் பொருளைச் சொல்லாமல் வழி விடமாட்டார். முதல் நாள் அவர் என்னைக் 'கீரியே' என்று அழைத்தபோது திடுக்கிட்டேன். லத்தீன் பூசைக் காலத்துக் 'கீரியே எலெயிசோன்' என்பதைப் பாட்டி கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாரே, அது கிரேக்கமாம். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று பொருளாம். ஆண்டவரை விளிக்கும் அதே சொல்லால்தான் இங்கே கடைக்காரர்கூட என்னை 'ஐயா' என்று அழைக்கிறார்.

என் பெயருக்கு முடி, அதாவது கிரீடம் என்று பொருள். இங்கே மணமக்கள் தலையில், நாடாவால் இணைத்த இரண்டு முடிகளைச் சூட்டி மும்முறை மாற்றுகிறார்கள். அவற்றுக்கு 'ஸ்தெஃபானா' என்றே பெயர். பீட்டர் என்றால் பாறை என்பது நமக்குத் தெரிந்ததுதான். விவிலியம் என்ற சொல்லும் புத்தகங்களைக் குறிக்கும் 'பிப்லியா'விலிருந்து வந்ததே.

நேற்று, அரிசி போட்டு முட்டையும் எலுமிச்சையும் கலந்த கோழி சூப்பை அந்த ஆசிரியை கொண்டுவந்தார். அதைக் குடித்துக்கொண்டே அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஒரு தாளில் ஜார்ஜ் என்பதை இரண்டாகப் பிரித்து எழுதினார்: 'கே' என்றால் மண், 'எர்கோன்' என்றால் வேலை, மண்ணில் வேலை செய்பவன், உழவன். அம்மா, அதன்பிறகு சூப் தொண்டையில் இறங்கவில்லை. கரிசல் காய்ந்து வெடித்த கால்களைத் திண்ணையில் நீட்டி, குச்சியால் விரலிடுக்கு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கும் அப்பாதான் கண்முன் வந்தார். தம் பெயரே தம் தொழில் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

பீட்டர் இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு பெயரை வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஊரிலும் மூத்த பேரனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பதுதான் பழைய வழக்கம். நாமோ பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன், பேரன் என்கிறோம். கூப்பிடுவதற்கு அவன் விரும்பியதை வைத்துக்கொள்ளட்டும். ஞானஸ்நானத்தில் மட்டும் ஜார்ஜ் என்றே இருக்க வேண்டும். நான் சொன்னால் கோபப்படுவான். மாமாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

விருந்துச் செலவுக்கு இம்முறை குறைவாகத்தான் அனுப்ப முடிகிறது. வளையலை மீட்பதைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். தெற்கு வயலைக் கேட்டு வந்தவரிடம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுங்கள். குத்தகைக்கு விடுவதானால் பழைய ஆளுக்கே விடுங்கள். அப்பா வெட்டிய வாய்க்கால் எது வழியாகப் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் மகன்,
ஸ்டீபன்