அந்தத் துணியை விட்டுவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொல்ல வந்ததை நீ முடிக்கவே விடவில்லை. “இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா, முடிச்சுடுவேன்” என்று வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தை மாதம் திருக்கடையூர் விசேஷத்தில் அப்பாவுக்குக் கொடுக்க, எங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்துக் குறுக்குத் தையலில் (கிராஸ் ஸ்டிச்) ஒரு படம் தைத்துக்கொண்டிருக்கிறாயே, அதை இத்தோடு நிறுத்திவிடு. கொஞ்ச நாள் ஒத்திப்போடுவதும் வேண்டாம், அடியோடு விட்டுவிடு.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படங்களை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஸ்கூலில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், என் கண் தானாகவே பின்பக்கத்துக்குத்தான் போகும். அப்பா முகத்துக்குப் பின்னால் நூல் அடை அடையாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் ஊசி ஏறவே மறுக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உன் கட்டைவிரல் ஏன் புண்ணாகியிருக்கிறது என்றும் புரிந்தது.

முன்பக்கம் வருகிறேன். அப்பாவின் இடது கன்னத்தில் ஒரு கட்டம் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது. அதற்கப்புறம் போட்டதெல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. மூக்கின் நிழல் மூக்குக்கு வெளியே விழுகிறது. மீசை நடுவில் உடைந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் நிற்கிறது. இதே தப்பு மாலையிலோ பின்னால் தொங்கும் திரையிலோ நடந்திருந்தால் அடுத்த வரிசையில் ஒரு தையலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டியிருக்கலாம், ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். முகத்தில் அது நடக்காது. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் நாற்பது கட்ட அகல முகம் மூன்று அங்குலம்கூட வராது. அதில் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது ஐந்தாறு கட்டம். அதில் ஒன்று நகர்ந்தாலும் ஆளே மாறிப்போகிறார்.

“பிரிச்சுட்டுத் திரும்பப் போடறேன்” என்கிறாய். எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று பார்த்தாயா? கன்னத்திலிருந்து மாலை வரைக்கும் போக வேண்டும். ஏற்கெனவே அந்த இடத்தை ஒரு தடவை பிரித்திருக்கிறாய், துணியில் பிசிறு எழும்பியிருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. நீ தைக்கிற அந்தக் கட்டத் துணி, ஐடா துணி, நாம் இங்கே தையலுக்கு எடுக்கும் மேட்டி துணியைவிடக் கெட்டிதான். ஆனாலும் பிரிக்கப் பிரிக்க ஓட்டை வாய் விரிந்துகொண்டே போகும், தையல் குழியில் உட்காராமல் மிதக்கும். பிரித்த நூலைத் திரும்பக் கோக்கவும் முடியாது, மினுமினுப்புப் போய்ப் பஞ்சாக நிற்கும்.

உன் கைமேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே. நூலைச் சுருக்கு விழாமல் இழுத்திருக்கிறாய். மேல் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. அது கலைந்தால் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், உன் வேலையில் அப்படி ஒரு திட்டுக்கூட இல்லை. கோளாறு அந்தச் சார்ட்டில் இருக்கிறது. போட்டோவைக் கொடுத்தால் சார்ட் ஆக்கித் தரும் கம்ப்யூட்டர், ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நூல் நிறம் கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒரு நம்பரைப் போட்டுவிடுகிறது. அதற்கு மூக்கு தெரியாது, மீசை தெரியாது. போட்டோவில் பிளாஷ் வெளிச்சம் பட்டு எண்ணெய் வழிந்த நெற்றிக்கு நாலு வகை ரோஸ், கன்னத்துக்கு ஏழெட்டுப் பழுப்பு, நடுநடுவே ஒற்றைக் கட்டமாக ஒரு சாம்பல். அந்த ஒற்றைக் கட்டத்துக்காக ஒவ்வொரு தடவையும் நூல் கோத்து, ஒரே ஒரு தையல் போட்டு, பின்னால் செருகி வெட்ட வேண்டும். பின்பக்கம் அடை தட்டியது அதனால்தான். விஷயம் தெரிந்த டிசைனர் ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருந்தால் பாதி நிறங்களை எடுத்துவிட்டு, கண்ணையும் உதட்டையும் பேக் ஸ்டிச்சில் ஒரு கோடு இழுத்து முடித்திருப்பார்.

அப்புறம் அந்தச் சிவப்பு. பிரேம் பதிந்த வட்டத்தைப் போக்க வெந்நீரில் நனைத்தேன் என்றாய். என் கூறைப்புடவையின் அரக்கு, அப்பா வேட்டியில் இறங்கிவிட்டது. ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, சாயம் நிற்கிறவரைக்கும் அலசியிருந்தால் ஒருவேளை போயிருக்கும். காய்ந்து, மேலே இஸ்திரிப் பெட்டியும் ஓடிவிட்ட பிறகு அது அங்கேயே உட்கார்ந்துவிடும். வேட்டி முழுக்க ரோஸ் நிறத்தில் மாப்பிள்ளை நிற்கிற மாதிரி ஆகிவிட்டது, அதற்கு மேல் எத்தனை ஆயிரம் தையல் போட்டாலும் மாறாது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். உன் சார்ட் 200 கட்டம் அகலம், 250 உயரம். மொத்தம் 50,000 தையல். இருபதாயிரம் முடிந்தது என்று வைத்துக்கொள். இவ்வளவு நிறம் மாற்றும் வேலையில் கை பழகியவளுக்கே மணிக்கு நூறு வந்தால் பெரிது. மிச்சத்துக்கு முந்நூறு மணி நேரம். தை மாதத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் தினமும் ஐந்து மணி நேரம் குனிந்து உட்கார வேண்டும். நைட் டியூட்டி முடித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த ஐந்து மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் வரும். வார்டில் மருந்து எடுத்துக் கொடுக்கிற கை அது. அதைத் தூக்கமில்லாமல் அனுப்ப எனக்கு மனசில்லை.

உனக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நூல் வாங்கியாச்சு, இவ்வளவு ராத்திரி போயாச்சு, சித்தியிடமும் சொல்லியாச்சு, இப்போது விட்டால் எல்லாம் வீண் என்று தோன்றும். வீண் ஒன்றும் இல்லை. நீ அங்கே போன புதிதில் டியூட்டி முடிந்து வந்து ரூமில் தனியாக அழுதுகொண்டிருந்தாய். இந்தத் துணியை எடுத்த பிறகுதான் உன் குரலே தெளிந்தது. “இன்னிக்கு மாலையில ரெண்டு பூ முடிச்சேம்மா” என்பாய், எனக்கும் அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அது கிடைத்தாயிற்று, அதை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. இப்போது என்ன நடக்கிறது? அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று நீயே சொல்கிறாய். பார்த்தாலே கலங்குகிற பொருளை அப்பாவுக்குப் பிரியமாகக் கொடுக்க உன்னால் எப்படி முடியும்?

உங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த ஒரு துணி இருக்கிறது. தையல் மாதிரிகளைப் போட்டுவைக்கும் துணியை ‘சாம்ப்ளர்’ என்பார்கள்; இங்கிலாந்தில் தேதி போட்டுத் தைத்த சாம்ப்ளர்களில் நமக்குக் கிடைத்திருப்பதில் அதுதான் மிகப் பழசு. வருஷம் 1598. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்த ஆலிஸ் லீ என்ற குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் அதில் இருக்கின்றன. அந்தத் துணியில் யானைமேல் கோட்டை இருப்பதுபோல ஓர் உருவம் போட்டு, அப்புறம் பிரித்து எடுத்திருக்கிறாள். அதன் தடம் இன்னும் தெரிகிறதாம். எதனால் எடுத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஒரு குழந்தைக்காக ஆசையாகத் தைத்தவளே, வேண்டாம் என்று தோன்றியதை எடுத்துப்போட்டுவிட்டு மேற்கொண்டு தைத்திருக்கிறாள். படித்தபோது எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் துணியில் செருகி வைத்திருக்கும் ஊசியை எடு, ஈரத்தில் துருக்கறை பிடிக்கும். பிரேமைக் கழற்று. மிச்ச நூலை நம்பர் கலையாமல் அட்டையில் சுற்றி வை, நூல் எதற்கும் ஆகும். துணியை என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நல்ல பாகத்தை வெட்டி ஏதாவது செய்யலாமே என்று உன் சிநேகிதிகள் சொல்வார்கள். அது இன்னொரு வேலை, இன்னொரு கவலை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், முடிந்தால் செய். என் புடவையின் கட்டங்கள் அச்சாக வந்திருக்கின்றன. கூறைநாட்டுப் புடவை நெசவிலேயே கட்டம் கட்டமாகத்தானே இருக்கும், தையலும் அதன்மேல் அழகாக உட்கார்ந்துவிட்டது. அந்தத் துண்டு எனக்கு வேண்டும். ஓரம்கூட அடிக்க வேண்டாம், இரண்டு விரல் இடம் விட்டு வெட்டிக் கொண்டுவா, பிரியாமல் நான் மடித்துத் தைத்துக்கொள்கிறேன். மனசில்லையென்றால் அதையும் விட்டுவிடு.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. திருக்கடையூரில் அவர் தலையில் கலச தீர்த்தம் விழும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் வேண்டும். பெண் வருகிறாள் என்று இப்போதே தெருமுழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிவா, அவர் குதிகால் வலி குறைந்தபாடில்லை.

சத்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. உன் ரவிக்கை அளவை இந்த வாரம் அனுப்பு. டெய்லர் பொங்கலுக்கு முன்னால் புது வேலை எடுக்கமாட்டேன் என்கிறார். எனக்காக ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா