அடிக்கு இங்கே எத்தனை பெயர்!

லீட்ஸ், இங்கிலாந்து,
டிசம்பர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அம்மா, நைனா, ஆயா எல்லோரும் நலம்தானே? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு எழுதும் ஓ.இ.டி. என்ற இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிப்பது, இங்கே வார்டில் பேசப் போதுமா என்று கேட்டிருந்தாய். பரீட்சைக்குப் போதும். நான் வேலை செய்யும் கேஷுவாலிட்டிக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, போதாது. சனிக்கிழமை ராத்திரி அடிபட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். புத்தகத்தில் உள்ள வார்த்தையை அவர்கள் சொல்வதே இல்லை.

'லேம்ப்' பண்ணினான் என்பார் ஒருவர். விளக்கு இல்லை, ஓங்கி விட்ட குத்து. 'டெக்' பண்ணினான் என்றால் ஒரே அடியில் தரையில் சாய்த்துவிட்டான். அப்போது முகத்துக் காயத்தை மட்டும் பார்த்தால் ஆகாது. பின்தலை தரையில் மோதியதா, நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா என்று கேட்க வேண்டும். 'சின்' பண்ணினான் என்றால் தாடை. வாயைத் திறந்து மூடச் சொல்லி, பல் வரிசை சரியாகச் சேர்கிறதா என்று பார். 'நட்' என்றால் தலையால் முகத்தில் முட்டியது. மூக்கெலும்பைப் பார்க்க வேண்டும். யார்க்‌ஷயர் பெரியவர்கள் 'ப்ரே' என்பார்கள். கழுதை கத்துவதற்கும் அதே சொல்தான், ஆனால் இந்தப் பக்கத்தில் அது சரியான உதை.

'ஹேமர்ட்', 'ஸ்மாஷ்ட்' என்று வந்தால் பெரும்பாலும் அடியே இல்லை, நன்றாகக் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். 'பேட்டர்ட்' மட்டும் ரெண்டுக்கும் வரும், அதனால் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்த மீனுக்கும் இங்கே அதே பெயர். மாவை அடித்துக் கலக்குவதிலிருந்து வந்தது. நமக்கு இது புதுசா என்ன? நம் ஊரில் தண்ணி அடிக்கிறார்கள், காப்பி அடிக்கிறார்கள், வெயில் அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது. ஒருவன் நன்றாகப் பாடினால் பின்னிட்டான், வெளுத்து வாங்கிட்டான் என்கிறோம். இவர்களும் அப்படித்தான், பிரமாதமான ஒன்றை 'ஸ்மாஷிங்' என்பார்கள்.

நைனாவிடம் ஒன்று சொல். பேரணாம்பட்டில் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்த டேனரி வேலை இருக்கிறதே, அந்த 'டேன்' என்ற சொல்லுக்கு இங்கே பிள்ளைகளை விளாசுவது என்றும் ஒரு பொருள். 'லெதர்' என்ற சொல்லையும் அப்படியே சொல்கிறார்கள். அம்மா நம்மைத் தோலை உரிச்சிடுவேன் என்று மிரட்டுவாளே, அதேதான்.

'ஸ்ட்ரோக்' நீ நன்றாக அறிந்த சொல். பக்கவாதம், நீச்சலில் ஒரு வீச்சு, பேனாவின் ஒரு கோடு, கடிகாரம் அடிக்கும் மணி, பூனையைத் தடவிக் கொடுப்பது எல்லாம் அதுதான். அந்த நோயைக் கடவுள் கை ஓங்கி அடித்த அடி என்று இங்கே ஒரு காலத்தில் நம்பினார்கள், பெயர் அப்படி வந்தது. இப்போது பொதுமக்களுக்கே 'ஃபாஸ்ட்' (முகம், கை, பேச்சு, நேரம் என்பவற்றின் இங்கிலீஷ் முதலெழுத்துகள்) என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா, ஒன்று இருந்தாலும் நேரம் கடத்தாமல் 999. இதை ஆயாவுக்கும் சொல்லி வை. நம் ஊரில் 108 என்று மாற்றிச் சொல்.

'ஸ்ட்ரைக்' என்றாலும் அடிதான். 1768இல் லண்டன் துறைமுக மாலுமிகள் கப்பல் பாய்களை இறக்கி வேலையை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர்கள் சொன்ன சொல் ஸ்ட்ரைக், அதுவே வேலைநிறுத்தத்துக்குப் பெயராகிவிட்டது. 2022 டிசம்பரில் இங்கிலாந்து நர்சுகளே சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் செய்தார்கள். சீனியர்கள் அதை இன்னும் பெருமையாகப் பேசுகிறார்கள்.

பாப்பா, எனக்கு மனசு கஷ்டமாகிற சொற்கள் பெரிய சொற்கள் இல்லை. லேசான தட்டு என்று பொருள்படும் 'டேப்', 'கிளிப்' என்று சின்னச் சின்னதாக இருப்பவைதான். கண் வீங்கி வந்த ஒரு பெண், "சும்மா ஒரு டேப்" என்பாள். வேலூரில் நான் பயிற்சியில் இருந்தபோது குடியாத்தம் பக்கத்துப் பெண்கள் "லேசா தட்டினாருங்க" என்பார்கள். அடித்தவனைக் காப்பாற்ற அடியைச் சுருக்கிச் சொல்கிறார்கள். அவளுடைய வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுது, காயத்தின் அளவைப் பக்கத்திலேயே எழுது. அப்புறம் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, எதால் பட்டது, முன்பும் நடந்ததா, வீட்டுக்குப் போக பயமாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேள். சொல் சின்னதாக இருக்கிறதே என்று கேட்காமல் விட்டுவிடாதே. எங்கே வேலை செய்தாலும் இதை மட்டும் மறக்காதே.

பரீட்சைத் தேதி தெரிந்ததும் எழுது, கட்டணத்தை நான் அனுப்புகிறேன். நைனாவின் இருமலுக்கு மருந்துக்கடை மாத்திரை போதும் என்று விடாதே, டாக்டரிடம் கூட்டிப்போய் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா