அபோமியின் பெண் படை

அன்புள்ள மீனா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சுகம்.

கயல் பள்ளியில் தஹோமியின் பெண் படையைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். நானும் கொஞ்ச நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய பெனின் நாட்டின் தென்பகுதியில் இருந்த ராஜ்யம் அது, தலைநகர் அபோமி. அரண்மனைக் காவலுக்கு இருந்த பெண்களை, 1818இல் பட்டத்துக்கு வந்த கெசோ மன்னர் பெரும் படையாக வளர்த்தார். பேருக்கு எல்லோருமே அரசரின் மனைவியர். வேறு ஆணோடு உறவு வைத்துக்கொள்ள முடியாது. 1861இல் அபோமிக்குப் போன பொர்கெரோ என்ற இத்தாலியப் பாதிரியார் அவர்களின் ஒத்திகையைப் பார்த்திருக்கிறார். முட்கிளைகளை மதில்போலக் குவித்திருந்தார்களாம். வெறுங்காலோடு அதன்மேல் ஏறிக் கடந்து பாய்ந்தவர்களில் தைரியசாலிகளுக்கு அரசர் பரிசு கொடுத்தார். என்ன பரிசு தெரியுமா? முள்ளாலேயே பின்னிய இடுப்புக் கச்சை! அதையும் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் கயல் ஒன்றை விட்டுவிடக் கூடாது. 1727இல் விடா துறைமுகத்தைப் பிடித்ததிலிருந்து தஹோமி அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் நேரடியாக இறங்கியது. போரில் பிடிபட்டவர்கள் அந்தக் கரையில் விற்கப்பட்டார்கள். அப்படிப் பிடித்து வரும் வேலையில் இந்தப் பெண்களுக்கும் பங்கு உண்டு. அவர்களிலேயே பலர் சிறுமியாக இருந்தபோது பிடித்து வரப்பட்டவர்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். வீரத்தை மட்டும் சொல்லி இதை மறைத்தால், விற்கப்பட்டவர்களுக்கு நாம் இரண்டாம் முறை அநியாயம் செய்தவர்கள் ஆவோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது புரியும், பயப்படாமல் சொல்லச் சொல்.

இன்றைய நைஜீரியாவில் இருக்கும் அபெயோகுட்டா நகரத்தை 1851இலும் 1864இலும் தாக்கினார்கள். இரண்டு முறையும் தோல்வி, ஏராளமான சாவு. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1890இலும் 1892இலும் பெஹான்சின் மன்னருக்காக இந்தப் பெண்கள் நவீனத் துப்பாக்கிகளுக்கு நேரே போய் நின்றார்கள். எதிரிப் படையினரே அவர்கள் துணிச்சலை வியந்து எழுதினார்கள். 1892 நவம்பரில் அபோமி விழுந்தது. 2022இல் பெனினின் கொட்டோனு நகரில் அவர்கள் நினைவாக 30 மீட்டர் உயரச் சிலை வைத்திருக்கிறார்கள். கயல் அதன் படத்தையும் காட்டலாம்.

பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி